பூங்கோதையின் கேள்வி

இறுதித் தேர்வு விவாதம் என்றால் விளையாட்டில்லை. நடுவர் கருவி யார் பக்கம் பச்சை விளக்கைப் போடுகிறதோ, அவர் சொன்னது அன்றே பல்கலைக்கழகத்தில் அமலுக்கு வந்துவிடும். மாணவன் பரிதிக்கு விழுந்த தலைப்பு, ‘வாதத்திறன் பாடத்துக்கு இனி ஆசிரியர் வேண்டாம்.’ எதிர்த்துப் பேச வேண்டியவள் அந்தப் பாடத்தை நடத்தும் பூங்கோதை.

பரிதி மென்று விழுங்கினான். சொன்ன காரணமெல்லாம் சப்பை. வேண்டுமென்றே தோற்கிறான் என்று பூங்கோதைக்குப் புரிந்துவிட்டது. தோற்றால் அவனுக்குப் பட்டம் கிடையாது.

“ஆசிரியர் இல்லேன்னா மாணவனோட தப்பை யார் திருத்துவா?”

“தெரியல மேடம்.” அவன் தலை நிமிரவில்லை.

அவள் பக்கம் பச்சை மினுங்கத் தொடங்கியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் வேலை நிலைக்கும். ஆனால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்னடா தெரியல? இதே கேள்விக்குப் போன வாரம் வகுப்புல என் வாயை அடைச்சியே, அதைச் சொல்லு!”

பரிதி தலை நிமிர்ந்தான். “தன் வாதத்தைத் தானே எதிர்த்துப் பார்க்கக் கத்துக்கிட்டவனுக்கு, திருத்த இன்னொருத்தர் வேண்டாம் மேடம்.”

பச்சை விளக்கு அவன் பக்கம் போய் நிலைத்தது.

“இப்போ சரி,” என்று பூங்கோதை கைப்பையை எடுத்துக்கொண்டாள்.