வாலில்லாத ஏழை

சாக்கடைச் சந்தில் மூன்று காலில் வந்து நின்ற கேமராவைப் பார்த்ததும், ஒரு காலை இழந்த தெருநாய்க்குத் தலைகால் புரியவில்லை. ‘நம்ம சொந்தம்!’ என்று ஓடியது.

“அசையாமல் நில்லப்பா. எலும்பு நன்றாகத் தெரியட்டும்,” என்றது கேமரா.

“சோறு கிடைக்குமா அண்ணே?”

“உன் படத்தைப் பார்த்து ஊரே அழும். சோறு தானாக வரும்.”

சோறு என்றதும் நாயின் வால் மட்டும் ஆட்டத்தை நிறுத்தவே இல்லை. அந்தக் காலத்துக் கேமராவுக்கோ ஆடுவது எதுவும் கண்ணில் படாது.

கண்காட்சியில் படத்தைப் பார்த்த சீமாட்டிகள், “ஐயோ, வால்கூட இல்லையே!” என்று உருகிக் கூடை கூடையாக ரொட்டி கொண்டுவந்தார்கள்.

வாசனை பிடித்து வந்த நாயைக் கேமரா வாசலிலேயே மறித்தது.

“அண்ணே, படத்தில் இருப்பது நான்தான்!”

“போடா ஏமாற்றுக்காரா! நிஜமான ஏழைக்கு வால் ஏது?”