நோயாளி ஸ்டூல்

மூன்று தாள்களையும் டாக்டர் மறுபடி முதலிலிருந்து படித்தார்.

தணிகாசலம் நோயாளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மனைவி பின்னால் நின்றாள். மாடிப்படி ஏறி வந்து பத்து நிமிஷம் ஆகியும் அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

ஏறும்போதே நடுவில் இரண்டு தடவை நின்றாள். முட்டி வலி என்றாள். அவரிடம் இல்லை, கைப்பிடிச் சுவரிடம்.

இருவரும் நேருக்கு நேர் பேசி ஆறு வருஷம் இருக்கும். எல்லாம் ஜாடைதான். அவள் சுவரிடம் சொல்வாள். அவர் நாற்காலியிடம் பதில் சொல்வார்.

டாக்டர் பேனாவால் எண்களைத் தட்டினார். வெறும் வயிற்றில் சர்க்கரை இருநூற்று எண்பது. கெட்ட கொழுப்பு நூற்றுத் தொண்ணூற்றாறு. பதினோரு வருஷமாக இவ்வளவு மாத்திரை எழுதிக் கொடுத்தும் இந்த லட்சணமா என்று கேட்டார்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் அவள் முகம் மலர்ந்திருக்கும். திரும்பிப் பார்க்காமலே தெரியும்.

வீட்டில் நடப்பது குடித்தனம் இல்லை, ஜெயில். காலை ஆறு மணிக்கு அவர் விரலைப் பிடித்து ஊசியால் குத்துவாள். முட்டையை அவித்து வெள்ளையை மட்டும் அவர் தட்டில் தள்ளுவாள். மாத்திரை போட்டதும் நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

மஞ்சள் கரு அவளுக்கு. சம்பந்தி வீட்டு நெய், அதிரசம், அவருக்கு ஆகாது என்று ஒதுக்கியது எல்லாம் அவளுக்கு. வீணாக்கக் கூடாதாம். அவளுக்கு ஒரு நோயும் கிடையாதாம்.

அந்த ஆத்திரத்தில்தான் செய்தார்.

மகள் இரண்டு பேருக்கும் சேர்த்தே பரிசோதனைக்குச் சொல்லியிருந்தாள். ரத்தம் எடுக்க வந்த பெண் குழாய்களைத் தனித்தனிக் கவரில் போட்டாள். ஒன்றின் மேல் தணிகாசலம், 64. இன்னொன்றின் மேல் குமுதவல்லி, 59. குழாயில் பெயர் ஒட்டுவதற்கு முன் கை கழுவப் போனாள். மனைவி அடுப்படியில் காபி கலந்துகொண்டிருந்தாள்.

ஸ்டேஷன் கடையில் திருட்டுத்தனமாகத் தின்ற போண்டாக்கள் அவர் நினைவுக்கு வந்தன. குழாய்களை மாற்றிப் போட்டார்.

குத்துக்கல் மாதிரி இருக்கிற அவள் ரத்தம் தன் பெயரில் போகட்டும். தன் ரத்தம் அவள் பெயரில் போகட்டும். ஒரு மாசம் அவளும் கஞ்சி குடித்துப் பார்க்கட்டும்.

அவள் பெயரில் வந்த ரிப்போர்ட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அது அவருடைய ரத்தம். ஜெயில் வேலை செய்திருக்கிறது. அதைச் செத்தாலும் அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அவர் பெயரில் வந்ததுதான் டாக்டர் கையில் இருந்தது.

மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றார். நெஞ்சு அடைக்கிறதா? இல்லை. வேர்க்கிறதா? இல்லை. மூன்றும் உண்மை.

டாக்டர் நம்பவில்லை. சர்க்கரை இருக்கிறவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும் என்றார். சும்மா வேர்க்கும், மூச்சு வாங்கும், நாம் வாயு என்று நினைத்து விட்டுவிடுவோம்.

மின்விசிறிக்கு நேர் கீழே நின்றுகொண்டு அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

மறுபடி துடைத்தாள்.

நாலு நாளாக ஓமத் தண்ணீர் குடிக்கிறாள். வாயு என்று அடுப்பிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் என்ன?

ஒரு கணம் அப்படித்தான் நினைத்தார். யாருக்கும் தெரியப் போவதில்லை. அப்புறம் வீட்டில் விரலைக் குத்த ஆள் இருக்காது.

அந்த நினைப்பு முடியும் முன் ஸ்டூலை டாக்டர் பக்கம் இழுத்துப் போட்டார்.

"அது என் ரத்தம் இல்ல டாக்டர். இவளுது. நான்தான் மாத்தி வச்சேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். இந்த மாதிரிக் கதைகளைத் தினம் கேட்கிறவர் முகம் அது.

அவள் சுவரைப் பார்த்தாள்.

"மாட்டிக்கிட்டா சில பேருக்கு, பொண்டாட்டி ரத்தத்து மேலயும் பழி போட வரும்."

டாக்டர் மேல் தப்பு சொல்ல முடியாது, அவள் மேலும்தான். மாத்திரை போட்டேன் என்றும் போண்டா தின்னவில்லை என்றும் பதினோரு வருஷம் புளுகின வாய். இன்றைக்கு உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

மேஜை மேல் சர்க்கரை பார்க்கிற மிஷின் இருந்தது.

அவர் திரும்பி அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவள் உதறினாள். விடவில்லை. நடுவிரலை அழுத்திப் பிடித்து டாக்டர் பக்கம் நீட்டினார். தினமும் காலையில் அவள் பிடிக்கிற அதே பிடி.

விரல் ஜில்லென்று ஈரமாக இருந்தது.

டாக்டர் அலுப்போடுதான் குத்தினார். மிஷின் ஐந்து, நான்கு என்று இறங்கியது.

டாக்டர் எண்ணைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். அவர்கள் உள்ளே வந்ததிலிருந்து முதல் தடவையாக அவளைப் பார்த்தார்.

"ஐயா, நீங்க எந்திரிங்க. அம்மா உட்காரட்டும்."

ஈசிஜி எடுக்க ஆளைக் கூப்பிட மணியை அழுத்தினார்.

அவர் எழுந்து ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்காரவில்லை. ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

ரிப்போர்ட் அவர் போனுக்கு வந்து நாலு நாள் ஆகியிருந்தது.

அவர் சுவரைப் பார்த்தார்.