புலியின் வயிற்றில் ஒரு கூடு

முதலில் அறிய வேண்டியவை இவை. மூன்றாம் வகுப்பறையின் சுவரில் ஒரு குளவி மண்கூடு கட்டி, முட்டையிட்டு, வாயை அடைத்திருந்தது. ‘நம் வட்டார உயிரினங்கள்’ என்னும் பாடத்துக்காக ஆசிரியை அங்கயற்கண்ணி ஒரு புலிப்படத்தை அதன்மேலேயே ஒட்டிவிட்டார். அவ்வட்டாரத்தில் புலி கிடையாது. கடையில் அந்தப் படந்தான் கிடைத்தது.

கூடு புலியின் வயிறாகப் புடைத்து நின்றது. பிள்ளை வெளிவரும் நாள் நெருங்க, தாய்க்குளவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. படம் விலகாவிட்டால் பிள்ளை உள்ளேயே அடைபட்டு மடியும்.

“புலியண்ணே, சற்று விலகக்கூடாதா?”

“காட்டுக்கே அரசன் நான்! ஒரு பூச்சிக்காக விலகுவேனா?”

“எந்தக் காடு, அண்ணே?”

புலி தயங்கியது. “சிவகாசிப் பக்கம்.”

“அங்கே அச்சுக்கூடமல்லவா இருக்கிறது? வயிறு இப்படிப் புடைக்க என்னதான் உண்டீர்கள்?”

“பசை மட்டுந்தான்” என்றது புலி, குரலைத் தாழ்த்தி.

அப்போது ஆசிரியை பாடத்தைத் தொடங்கி, குச்சியால் புலியின் வயிற்றைத் தொட்டார். உள்ளே கரகரவென்று ஒலி எழுந்தது.

“டீச்சர், புலிக்கு வயிறு இரையுது!” என்று கூவினாள் மதிவதனி.

ஆசிரியை படத்தை உரித்தார். குட்டிக் குளவி மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்து, சிறகை உதறிவிட்டுச் சன்னல் வழியே பறந்தது. தாயும் பின்னாலேயே பறந்தது.

பின்னர் முடிவானவை: அன்றைய பாடம் சன்னலோரத்தில் நடந்தது. வெற்றுக்கூட்டை எவரும் இடிக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த பாடத்தலைப்பு மட்டும் அதனருகே தங்கிற்று. புலி எதிர்ச்சுவருக்குப் போயிற்று. வயிறு ஏன் ஒட்டிவிட்டது என்று அச்சுவரில் வாழும் பல்லி கேட்கும்போதெல்லாம், தான் விரதம் இருப்பதாக அது சொல்லிவருகிறது.