ஆறு மணித் திருடன்

அந்த வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்த மெக்கானிக், தலையில் கை வைத்தார்.

"வாசலுக்கு மூணு பூட்டு போட்டிருக்கீங்க சார். இதுக்குள்ள ஊரே குடித்தனம் நடத்தலாம் போலிருக்கே!"

"அதுக்குத்தானே உன்னைக் கூப்பிட்டேன்" என்றார் ஓய்வுபெற்ற கணக்கர்.

பாஸ்வேர்டை மாற்றி, வைரஸையெல்லாம் துடைத்த மெக்கானிக்கின் கண் ஒரு புரோகிராமில் நின்றது.

"சார், நாலு வருஷமா வெளியிலிருந்து ஒருத்தன் வந்து போறான். தினமும் டாண்ணு சாயங்காலம் ஆறு மணிக்கு. கேமராவைத் திறந்து அஞ்சு நிமிஷம் பார்க்கிறான், போயிடறான். ஒரு ஃபைலைக்கூடத் தொடலை. இவ்வளவு நாணயமான திருடனை நான் பார்த்ததே இல்லை."

"நாணயமாவது மண்ணாங்கட்டியாவது! அடைச்சு விடு."

அடைத்தார். இனி அவன் தலைகீழாக நின்றாலும் உள்ளே வர முடியாது. கணக்கர் நிம்மதியாகச் செருப்பை மாட்டிக்கொண்டு, வழக்கமான மாலை நடைக்குக் கிளம்பினார்.

ஆறு மணிக்கு அவர் மனைவி முகம் கழுவி, தலை சீவிக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"எங்கேயாவது கிளம்பறீங்களாம்மா?" என்றார், பையைக் கட்டிக்கொண்டிருந்த மெக்கானிக்.

"இல்லப்பா. இப்போ கேமராவுல பச்சை விளக்கு எரியும்." குரலைத் தாழ்த்தினாள். "எங்க பையன். அப்பாகிட்ட சண்டை போட்டுட்டுப் போனவன். 'ஆறு மணிக்கு விளக்கு எரிஞ்சா நான்தாம்மா'ன்னு சொல்லிட்டுப் போனான். பேச மாட்டான், என்னைப் பார்த்துட்டு மட்டும் போவான்."

மெக்கானிக் அவசரமாகத் தன் போனை எடுத்தார். "அவர் நம்பர் குடுங்கம்மா."

"நம்பர், விலாசம் எதுவும் எனக்குத் தெரியாதே. இந்த விளக்கு ஒண்ணுதான்" என்றவள், எரியாத அந்த விளக்கைப் பார்த்துச் சிரித்தபடி காத்திருந்தாள்.