முன்சீட்டுக்காரியின் சோலி

மன்னவனூர் ஏற்றத்துக்குக் கீழே, மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் உருளைக்கிழங்கு மூட்டைகளோடு உறுமிக்கொண்டு நிற்கிறது. ராத்திரி மழையில் பாதை குழைந்து கிடக்கிறது. மெக்கானிக் உபகாரம் வண்டிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து கையைச் சாக்கில் துடைக்கிறார். நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் பெட்டியை நேற்று அவர்தான் திறந்தார். வடித்த எண்ணெயில் இரும்புத்தூள் மினுங்கியது. தேய்ந்த பல்சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றையும், கியரை நழுவாமல் பிடிக்கிற கெட்டியான ஸ்பிரிங்கையும் போட்டிருக்கிறார். "ஒழுகலைங்க, ஏத்துங்க." வண்டியோட்டும் அடைக்கலம் கியர்க் கம்பியைத் தள்ளி, ஏற்றத்துக்கான சின்னக் கியரைப் போடுகிறார். உடனே பக்கத்திலிருக்கும் அவர் மனைவி கித்தேரியம்மாளின் கை அந்தக் கம்பியை அமுக்கிப் பிடிக்கிறது. இந்த வண்டியில் முன்சீட்டில் உட்காருகிறவருக்கு அதுதான் சோலி. விட்டால் ஏற்றத்தில் கம்பி துள்ளிக் கியர் கழன்றுவிடும், வண்டி பின்னால் உருளும். கல்யாணத்தன்று பட்டுச்சேலையோடு இதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இந்த ஊருக்கே வந்தாள். பாதி ஏற்றத்தில் அடைக்கலம் சொல்கிறார்: "கைய எடு புள்ள." "உருண்டுருமேங்க!" "எடுத்தாத்தானே தெரியும்." அவள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு விரலாகப் பிரிக்கிறாள். கம்பி நடுங்குகிறது. முன்சக்கரங்கள் சேற்றைக் கவ்வுகின்றன. கம்பி துள்ளவில்லை. மேட்டில் ஏறியதும் மஞ்சு விலகி, கண்ணாடியில் வெயில் விழுகிறது. கித்தேரியம்மாள் வெறும் உள்ளங்கையைப் பார்க்கிறாள். மடியில் வைக்கிறாள், எடுக்கிறாள். "கை சும்மா கெடக்குங்க," என்று சிரிக்கிறாள். பிறகு அதை வெளியே நீட்டி, வழியோரத்து ஈரப்புல்லை வருடிக்கொண்டே போகிறாள்.