எழுபத்தெட்டு புள்ளி நாலு

"எழுபத்தெட்டு புள்ளி நாலு."

அண்ணன் குனிந்து படித்துவிட்டு, தேர்தலில் டெபாசிட் இழந்தவன் போல நிமிர்ந்தான். காலை நடை முடிந்து வந்த கையோடு, பாதம் வரை புரளும் பழைய பாவாடையில் எடை மிஷின் மேல் நின்றுகொண்டிருந்தாள் தங்கை.

"ஒன்பது வாரமா ஒரே நம்பர்!" அம்மா புலம்பினாள். "நூத்திப் பதிமூணுல இருந்து சரசரன்னு இறங்கி வந்துட்டு, இப்போ சண்டி மாடு மாதிரி படுத்துக்கிச்சே!"

"திருட்டுத்தனமா தின்னுறா. வேற என்ன?"

"வயித்தையே வெட்டிச் சின்னதாக்கியாச்சு. தின்னு எங்க வெச்சுப்பேன்?" என்று கேட்டாள் அவள்.

"வாய் மட்டும் சின்னதாகல" என்றான் அண்ணன்.

அவள் அறுவை சிகிச்சை செய்துகொண்டது முட்டி வலிக்காக. லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் மேடையில் அவளுக்கு வேலை. நாள் முழுக்க நின்றே முட்டி தேய்ந்துவிட்டது. ஆனால் தையல் பிரிப்பதற்குள் வீட்டார் ஒரு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டார்கள்.

எழுபத்தைந்துக்குக் கீழே வந்தால் நிச்சயதார்த்தம். வராவிட்டால் வேறு இடம். இது மாப்பிள்ளையின் அம்மா போட்ட கோடு. ஏன் எழுபத்தைந்து என்று யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை எத்தனை கிலோ என்றும்தான்.

எண் நின்றுபோன முதல் வாரமே அம்மா அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். உணவு ஆலோசகர் சிரித்தார். "இது சகஜம்மா. வேகமா இறங்கின உடம்பு நடுவுல கொஞ்ச நாள் முரண்டு பிடிக்கும். பட்டினி போடாதீங்க, முட்டை, பருப்புன்னு நல்லாச் சாப்பிடட்டும். நடக்கும்போது கால்ல பட்டை கட்டிக்கிட்டு, வாரம் ஒரு அரைக்கிலோ இரும்பு அதுல கூட்டிக்கிட்டே போகட்டும். தானா இறங்கும்."

அம்மா காதில் 'சாப்பிடட்டும்' மட்டும்தான் விழுந்தது. "அவ பெத்த பொண்ணா இருந்தா இப்படிச் சொல்வாளா?" என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தாள். அன்று மாலையே ஃபிரிட்ஜுக்குப் பூட்டு வந்தது. சாவி அண்ணன் இடுப்புக்குப் போனது.

"அக்கா இளைச்சுக்கிட்டுதான் இருக்கா" என்றாள் கடைக்குட்டி. அக்காவை அச்சில் வார்த்த மாதிரி இருப்பாள். கல்லூரியில் இரண்டாம் வருடம். "பாவாடை இடுப்புல நிக்காம ஊக்கு குத்தியிருக்கா பாருங்க."

"மிஷின் பொய் சொல்லாது. நீ உன் வேலையப் பாரு" என்றான் அண்ணன். மூத்தவள் பக்கம் பார்க்கத்தான் இல்லை.

"அண்ணே, எனக்கு இந்த இடம்..." என்று ஆரம்பித்தாள் மூத்தவள்.

"முதல்ல வெயிட்டை இறக்கு. அப்புறம் வாயைத் திற."

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை உட்கார்ந்ததும் சோபா ஒரு முனகல் முனகியது. தட்டில் இருந்த பிஸ்கட்டை அவர் ஒவ்வொன்றாக, கடமை தவறாமல் முடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே அம்மா மகளின் புடவையைப் பிடித்து இழுத்தாள். "தரையக் கூட்டுது பாரு. கொஞ்சம் தூக்கிக் கட்டுடி."

"இப்படிக் கட்டினாதாம்மா ஒல்லியாத் தெரியும்."

அந்த ஒரு வார்த்தைக்கு அம்மா மயங்கிவிட்டாள்.

கூடத்தின் நடுவில் மிஷினை வைத்தார்கள். "நம்பிக்கை இல்லாம இல்ல" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே. "கண்ணால பாத்துட்டா ஒரு திருப்தி."

மூத்தவள் ஏறி நின்றாள். எழுபத்தெட்டு புள்ளி ஒன்பது.

"புடவை அரைக்கிலோ இருக்கும், அதைக் கழிச்சுடுங்க சம்பந்தி" என்று கெஞ்சினாள் அம்மா.

"புடவை என்ன, பீரோவையே கழிச்சாலும் எழுபத்தஞ்சு வராது போலிருக்கே. அதுக்குள்ள என்ன சம்பந்தி?"

"மாப்பிள்ளையும் ஒரு தடவை ஏறிப் பாக்கலாமே?" என்றாள் கடைக்குட்டி.

பிஸ்கட் பாதி வழியில் நின்றது. அண்ணன் பல்லைக் கடித்தான்.

"ஆம்பளைக்கு அது வெயிட் இல்லம்மா, பர்சனாலிட்டி" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. சொல்லிக்கொண்டே சின்னவளை மேலும் கீழுமாக ஒரு முறை அளந்தாள். பிறகு மகனைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அம்மா மூக்கைச் சிந்தினாள். "இருந்திருந்து வந்த ஒரு இடம். மூணு கிலோவுல போச்சே!"

"இவளுக்கு இனிமே எவன் வருவான்?" அண்ணன் மிஷினை ஒரு உதை விட்டான். அது சறுக்கிக்கொண்டு போய்ப் பெண்களின் அறைக்குள் விழுந்தது.

மூத்தவள் உள்ளே போனாள். அக்கா அழப்போகிறாள் என்று சின்னவள் பின்னாலேயே நுழைந்தாள். மூத்தவள் கதவைத் தாழிட்டாள்.

அவள் அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து புடவையை முழங்கால் வரை தூக்கினாள். சர்ர்ரென்று ஒரு கிழிசல் சத்தம், பின்னாலேயே இன்னொன்று. கணுக்கால்களில் இருந்து இரண்டு பட்டைகள் தரையில் விழுந்தன. ஒவ்வொன்றிலும் நாலு அரைக்கிலோ இரும்புத் துண்டு.

மிஷினை நிமிர்த்தி வைத்து ஏறினாள். எழுபத்துநாலு புள்ளி ஒன்பது. புடவையோடு.

திறந்த வாய் மூடாமல் நின்ற தங்கையின் கையில் இரண்டு பட்டைகளையும் திணித்தாள்.

"பத்திரமா வெச்சுக்கடி. அடுத்து உன்னைத்தான் ஏத்துவாங்க."