ஊதிக் காயவைத்தவர்

முகமூடி மூக்குக்குக் கீழே தொங்க, விரலில் கல் மோதிரம் மின்ன, கையுறைகூட இல்லாமல் மருந்து கலக்கும் அறைக்குள் நுழைந்தார் தலைமை மருந்தாளுநர். மருந்தகத்தில் அவருக்கு ‘சென்ட் சார்’ என்று பெயர். கிருமி படாமல் மருந்து கலக்கிறார்களா என்று பார்க்கும் கைச்சோதனைக்கு எப்போது கூப்பிட்டாலும், “எனக்கேவா?” என்று கழன்றுகொள்கிறவர்.

மேஜையில் குப்பிகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்த இளம் மருந்தாளுநருக்கு அந்த சென்ட் வாசனையே ஆகாது. முழங்கைவரை தேய்த்துக் கழுவாமல் அவள் இங்கே காலெடுத்து வைக்க மாட்டாள்.

“குறைமாசக் குழந்தைக்கு டிரிப்ஸ் போகணும்ல? இன்னும் அடுக்கிட்டே இருக்க! தள்ளு, நானே கலக்குறேன்.”

“சார், அது வந்து...”

“வாய மூடு.”

“கையாவது கழுவுங்க சார். லேபிளப் படிங்க.”

“எனக்கே பாடமா? உங்க வீட்ல காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு நீ. ரொம்பத் துள்ளாத.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

குப்பியின் ரப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார். அது காயும்வரை பொறுக்காமல், குனிந்து ‘உஃப்’ என்று வாயால் ஊதினார். வறுவல் தின்ற வாய். மோதிர விரலால் மூடியைத் தடவிப் பார்த்துவிட்டு ஊசியைக் குத்தினார். தேன் நிறத் திரவம் பைக்குள் இறங்கியது. நடுவில் மூக்கை வேறு சொறிந்துகொண்டார்.

கையளவு உயிர். அதன் ரத்தத்துக்குள் நேராகப் போகும் என்று நினைத்துக்கொண்டே இப்படிச் செய்ய முடிகிறதா ஒரு மனுஷனால்!

“இந்தா. நீதான் சரிபார்த்தேன்னு கையெழுத்துப் போட்டு வார்டுக்கு அனுப்பு.”

“மாட்டேன் சார்.”

“அப்ப நாளையிலேர்ந்து வேலைக்கு வராத. குழந்தைக்கு மருந்து போகாம தடுத்தவ நீன்னு டாக்டர்கிட்ட நானே சொல்றேன்.”

“தாராளமா சொல்லுங்க.”

பையை வாங்கியவள், அதில் அவர் பெயரை எழுதினாள். வெதுவெதுப்பாக வைத்திருக்கும் அலமாரிக்குள் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“என்னடி பண்ற? குழந்தை காத்திட்டிருக்கு!”

“குழந்தைக்கு நான் காலையிலேயே கலந்து அனுப்பியாச்சு. நீங்க கலந்தது மருந்தில்ல, கிருமிக்குப் போடுற தீனி. இந்தச் சூட்டுல கிருமி வளர்ந்து பை கலங்குச்சுன்னா, அது உங்க கை அழுக்கு.”

அவர் அப்போதுதான் காலிக் குப்பியைத் திருப்பி லேபிளைப் படித்தார்.

“உங்க கைச்சோதனை முடிஞ்சுது சார்.”